வள்ளிக்கிழங்கு என்றுதான் சொன்னேன்

இங்கே வந்து உட்காருங்க அம்மணி. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் மேலே இருக்கிற ஏ.சி. சொட்டும். நேற்று என் முதுகெல்லாம் நனைந்துவிட்டது. அந்த வாட்ச்மேனிடம் சொன்னால், "அப்படின்னா நின்னுக்கோங்க" என்றான். நான் அவனுக்குக் கொடுத்த ஏச்சில் இன்றைக்கு என்னைக் கண்டதும் அவனே எழுந்து நிற்கிறான்.

உங்கள் வீட்டுக்காரருக்குப் பாம்புக்கடி என்று நர்ஸ் சொன்னாள். என்ன பாம்பு? கண்ணாடி விரியனா? சோளத்தட்டு அறுக்கும்போதா? சரி, அழாதீங்க. நான் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஆமாங்க, பொறாமைதான். பாம்புக்கு மருந்து இருக்கிறது. ஊசி போடுகிறார்கள், ரத்தத்தைக் குழாயில் பிடித்து உறைகிறதா என்று பார்க்கிறார்கள், உறையாவிட்டால் மறுபடியும் போடுகிறார்கள். அவர்கள் கையில் ஏதோ ஒன்று இருக்கிறது இல்லைங்களா? என் மருமகளுக்கு அது கூட இல்லை. கண்வலிக்கிழங்குக்கு மருந்தே கிடையாதாம்.

நான் விட்டுவிடுவேனா? "இத்தாப் பெரிய ஆஸ்பத்திரி கட்டி வெச்சிருக்கறீங்க, ஒரு கெழங்குக்கு மருந்தில்லீங்களா" என்று டாக்டரிடம் கத்தினேன். அவர் சின்ன வயசுக்காரர், கோபித்துக்கொள்ளவில்லை. "அந்தக் கெழங்கே வேற நோய்க்கு மருந்துதாம்மா. அதோட வெதைய வெளிநாட்டுக்காரன் வாங்கிட்டுப் போறான். ஆனா அதைத் தின்னவங்களுக்கு ஒண்ணுமில்ல. தண்ணி ஏத்தறோம், கிட்னியப் பாத்துக்கறோம். மத்தபடி அவங்க ஒடம்புதான் தாங்கணும்" என்றார்.

எனக்கே விதையைப் பற்றிச் சொல்கிறார் பாருங்க. அந்த விதையை விற்றுத்தான் நான் வீடு கட்டினேன்.

எனக்கு மூலனூர்ப் பக்கம். என் பேர் மயிலாத்தாள். தாராபுரம், ஒட்டன்சத்திரம் எங்கே போய் வேண்டுமானாலும் கண்வலி விதை மயிலாத்தாள் என்று கேட்டுப் பாருங்க. வீட்டுக்காரன் எங்களை விட்டுவிட்டுப் போனபோது என் மகன் பூபதி இடுப்பில் இருந்தான். அடுத்தவன் காட்டில் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைக்கிற கூலிக்குப் போனேன். பூ, செங்காந்தள் என்பார்களே அதுதான், நெருப்பு எரிகிற மாதிரி அழகாகத்தான் இருக்கும். கையைக் கழுவாமல் சோற்றில் வைத்தால் தெரியும் அதன் அழகு. பிறகு காலே அரைக்கால் ஏக்கர் காட்டைக் குத்தகைக்குப் பிடித்தேன். முதல் விளைச்சலை வாங்க வந்த வியாபாரி, ஈரம் ஈரம் என்றே பாதி விலைக்கு அள்ளிக்கொண்டு போனான். அன்றைக்கு அழுதேன். அதற்கப்புறம் ஒருத்தனும் என்னை அழ வைத்ததில்லை. நான் சொல்கிற விலைக்கு அவர்கள் வருவார்கள், இல்லாவிட்டால் மூட்டை என் வீட்டில் கிடக்கும். யாரிடமும் எதையும் சும்மா விட்டதில்லை நான்.

என்ன? அவளே தின்றாளா என்றா கேட்கிறீர்கள்?

பார்த்தீர்களா. நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். நீங்கள் காங்கேயம், எங்கள் ஊருக்குத் தூரமில்லை, உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கண்வலிக்கிழங்கைத் தின்றுவிட்டாள் என்றால் எதனால் என்று யாரும் கேட்க மாட்டார்கள். யாரால் என்றுதான் கேட்பார்கள். அதுவும் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாத பெண். அதுவும் மாமியார்க்காரி மயிலாத்தாள். தவழுகிற குழந்தை கூட அந்தக் கிழங்கைத் தொடாது, தெரியாமல் தின்றாள் என்று சொன்னால் எவன் நம்புவான்?

ஆனால் அவள் எங்கள் ஊர்ப் பெண் இல்லைங்க. பிரீதா. பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோடு. எங்கள் பையன்களுக்கு இப்போது பெண் கிடைக்கிறதில்லை, உங்களுக்குத் தெரியாததா. நிலம் வைத்திருக்கிறான், சரக்கு வண்டி வைத்திருக்கிறான், குடி கிடையாது. ஆனால் பெண்ணுக்கு வேண்டியது கம்ப்யூட்டர் கம்பெனியில் மாப்பிள்ளை. பூபதிக்கு வயசு நாற்பதை எட்டிப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு இடம் கூடி வந்தது. பெண்ணைப் பெற்றவர் வீடு பார்க்க வந்தார். வந்த மனுஷன் சும்மா இல்லாமல் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். விதைக் கிழங்கை மணலில் பரப்பி வைத்திருந்தேன். "இதைப் படுக்கற எடத்துல வெச்சிருக்கற வீட்டுக்கு எம்புள்ளையக் குடுக்க மாட்டேன். நாளைக்கு ஒரு சண்டை வந்தா கை நீட்டுற தூரத்துல இருக்குது" என்று சொல்லிவிட்டு, காப்பி கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பிறகுதான் புரோக்கரைப் பிடித்துக் கேரளத்துக்குப் போனோம். அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டேன், புதுப் பெண் முன்னால் அந்தப் பேரை யாரும் எடுக்கக் கூடாது என்று. பூபதி சரி என்றான். அவன் எல்லாவற்றுக்கும் சரி என்பான்.

அதற்காக நான் அவளைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டேன் என்று நினைக்காதீங்க. ஒரு குழந்தைக்குச் சொல்கிற மாதிரி எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அவள் ஊர் வேறு, எங்கள் ஊர் வேறு. அங்கே மழை, இங்கே கல்லும் முள்ளும். வேலியோரக் கல்லைப் புரட்டாதே, சுருட்டை விரியன் கிடக்கும், சாண் நீளம்தான் இருக்கும், ஆளைச் சாய்த்துவிடும். செருப்பைத் தட்டிவிட்டுப் போடு, தேள் இருக்கும். விறகடுக்கில் கை விடாதே, செய்யான் இருக்கும், பெரிய பூரான். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். ஊமத்தங்காயைப் பறித்து விளையாடாதே. கிணற்று மேட்டில் குளவிக்கூடு இருக்கிறது, அந்தப் பக்கம் ஈரத்துணி உலர்த்தாதே. எல்லாம் சொன்னேனுங்க. அவள் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொள்வாள். ஒரு நாள் செருப்பைத் தட்டினாள், நிஜமாகவே தேள் விழுந்தது. "அம்மா பறஞ்ஞது சரியாணு" என்று சிரித்தாள், அம்மா சொன்னது சரிதானாம். நான் சொன்னால் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

கிழங்கா? கிழங்கைப் பற்றியும் அவள் கேட்டாள். ஏன் கேட்க மாட்டாள்? வீடு கூட்டுகிறவள் கட்டில் அடியைப் பார்க்காமல் இருப்பாளா? இது என்ன கிழங்கு அம்மா என்றாள். ஒரு மாதிரி வள்ளிக்கிழங்கு, நடவுக்கு வைத்திருக்கிறேன் என்றேன்.

அப்படிப் பார்க்காதீங்க. வேறு என்ன சொல்வது? இந்த வருஷம் விதைக் கிழங்கு தங்கம் மாதிரி. தோட்டத்தில் நட்டதையே திருடன் தோண்டிக்கொண்டு போகிறான். இந்தப் பெண்ணோ சாயங்காலம் ஆனால் போனை எடுத்து அம்மாவோடு அரை ஊருக்குக் கேட்கிற மாதிரி பேசுவாள். இன்ன சரக்கு இன்ன இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் திருடனுக்கு வழி காட்டின மாதிரி. விஷம் என்று தெரிந்தால் அவளைப் பெற்றவள் அடுத்த பஸ்ஸில் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த பெண். வியாபாரத்தில் எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு இருக்க முடியுங்களா?

சரி, நடந்ததைக் கேளுங்க.

ஆடி பிறந்தது. புதுப் பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புகிற வழக்கம் அவர்கள் பக்கம் உண்டோ இல்லையோ, நம் பக்கம் உண்டு. எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இவள் துணியை எடுத்துப் பையில் அடுக்கி வைத்துவிட்டாள். நடவு நேரம் அது. ஆள் கிடைக்காத நேரம். நான் அவளுடைய அம்மாவைப் போனில் கூப்பிட்டு, ஆவணியில் அனுப்புகிறேன், கூடவே பத்து நாள் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த அம்மா கொஞ்சம் இழுத்தது. நான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன்.  பிரீதா பையை எடுத்துப் பரணில் வைத்தாள். அவ்வளவுதான். எனக்குக்கூட நல்ல பெண் என்று பெருமையாக இருந்தது.

அன்றைக்கு நான் ஒட்டன்சத்திரத்தில் ஒரு பேரத்துக்குப் போயிருந்தேன். பூபதி வண்டியோடு கரூர். காற்று பேயாக அடித்துக்கொண்டு, வானம் மூடி, நாலு தூறல். அவள் ஊரில் அப்படி மழை வந்தால் கிழங்கை வேக வைத்து, காந்தாரி மிளகாயும் உப்பும் நசுக்கித் தொட்டுக்கொண்டு தின்பார்களாம். அம்மா, தங்கை எல்லாரும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து. பின்னால் நர்ஸிடம் சொல்லியிருக்கிறாள். தனியாக இருந்திருக்கிறாள். கட்டிலுக்கடியில் கிழங்கு இருக்கிறது. நடவுக்கு மிஞ்சினதில் நாலு எடுத்தால் நான் திட்ட மாட்டேன் என்று நினைத்தாளாம். கொஞ்சம் கசந்ததாம். இந்த ஊர் மண்ணுக்கு அப்படித்தான் இருக்கும் போல என்று தின்றுவிட்டாளாம்.

நான் பொழுது சாயத் திரும்பினேன். வாசலில் சுருண்டு கிடந்தாள். வாந்தி, வயிற்றுப்போக்கு, தண்ணீர் மாதிரி. என்ன தின்றாய் என்று கேட்கக் கூட இல்லை, நேரே சமையல்கட்டுக்குப் போனேன். அடுப்போரம் தோல் கிடந்தது. ஏர் மாதிரி வளைந்த தோல். அந்தத் தோலைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். பக்கத்தில் ஒரு கிண்ணம், மேலே தட்டு போட்டு மூடி. திறந்தால் எனக்கு ஒரு பங்கு. மிளகாய்ச் சட்டினியோடு.



மயிலாத்தாள் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை அம்மணி. கிண்ணத்தை எடுத்தேன், எருக்குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினேன், தோலையும் போட்டேன், சட்டியையும் கிண்ணத்தையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தேன். கோழி கொத்திவிடும் இல்லைங்களா? பூபதி அப்போதுதான் வந்தான். அவளை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்து ஊர் கிளினிக்குக்குப் போனோம். போகிற வழியில் அவனிடம் கிழங்கு விஷயத்தைச் சொல்லிவிட்டுச் சொன்னேன், "நீ வாயத் தொறக்காதே, நாம்பேசிக்கறேன்."

நேற்று வாங்கின மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். கண்வலி என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்தால் போலீஸ். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஏதாவது ஒன்று என்றால் ஆர்.டி.ஓ. வந்து விசாரிப்பார். ஊரே திரண்டு நிற்கும். அந்த டாக்டரம்மா நான் சொன்னதை நம்பிப் பாட்டில் ஏற்றி, ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. விடிந்து பார்த்தால் அவளுக்குக் கை கால் சில்லிட்டுக் கிடக்கிறது. பிறகுதான் இங்கே கொண்டுவந்தோம். இங்கேயும் மீன் என்றுதான் சொன்னேன். ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு அந்தச் சின்ன டாக்டர் வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது பூபதி வாயைத் திறந்தான். பிறந்ததிலிருந்து நான் சொன்னதை மீறி அவன் பேசினது அதுதான் முதல் தடவை. "கண்வலிங்க டாக்டர். நேத்து மத்தியானம் தின்னுட்டாளுங்க."

டாக்டர் சத்தம் போடவில்லை. "நேத்தே சொல்லியிருந்தா வயித்தக் கழுவியிருக்கலாம்" என்றார், மெதுவாக. மெதுவாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. நேற்றே சொல்லியிருந்தால் நேற்றே போலீஸ் வந்திருக்கும் என்று இவருக்கு யார் சொல்வது?

கடைசியில் போலீஸும் வந்துவிட்டது. நேற்று மகளிர் ஸ்டேஷன் ஏட்டம்மா வந்தது. பிரீதாவுக்கு நினைவு தெளிந்திருந்தது, அவளிடமே கேட்க வேண்டும் என்று உள்ளே போனது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நின்றேன். கதவு சாத்தவில்லை. எங்கள் ஊர்ச் சாமி வஞ்சியம்மனை நினைத்து, தாயே, அவள் வாயால் தெரியாமல் தின்றேன் என்று வந்துவிட வேண்டும், அது போதும் என்று வேண்டிக்கொண்டேன். வஞ்சியம்மன் கேட்டாள். ஒரு எழுத்துக் குறையாமல் கேட்டாள்.

"அறியாதெ தின்னதா சேச்சி" என்றாள் பிரீதா. குரலே இல்லை. "வள்ளிக்கிழங்குன்னு அம்மா பறஞ்ஞு. அம்மாவுக்கும் கொஞ்சம் மூடி வச்சிருந்து."

ஏட்டம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. வெளியே வந்து, "அப்படிச் சொன்னீங்களா?" என்றது. நான் எத்தனை வியாபாரியைப் பார்த்தவள், ஒருத்தனிடமும் தவணை கேட்டதில்லை.  எனக்குத் தலை சுத்துது, நாளைக்கு மத்தியானம் வாங்க சொல்லறேன் என்று ஒரு நாள் தவணை கேட்டேன். கொடுத்தது.

அதிலிருந்து எல்லாரும் ஒரே பாட்டு. பூபதி சொல்கிறான், "மயக்கத்துல ஒளறறான்னு சொல்லிருங்கம்மா." ஊரிலிருந்து வந்த என் கொழுந்தன் சொல்கிறான், "நீங்க சொன்னேன்னு சொன்னீங்கன்னா மாமியா வெசத்தக் குடுத்தான்னுதானுங்க எழுதுவாங்க. பாத்திரத்த வேற கழுவி வெச்சிருக்கறீங்க." ஆமாம், கழுவினேன். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றால் முடிந்தது கதை. அவளாகத் தின்றாள் என்று எழுதிக்கொள்வார்கள். மூடி வைத்த பங்கைப் பற்றிக் கேட்டால் மாமியாருக்கும் சேர்த்து விஷம் வைத்தாள் என்பார்கள். ஊருக்கு இரண்டு நாள் பேச்சு. நான் வீட்டில் இருப்பேன்.

மூன்று நாளாக அந்த அம்மனோடுதான் பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். முதல் நாள், பழையபடி நடமாட வேண்டும் என்று கேட்டேன். இரண்டாம் நாள் கிட்னிக்கு மிஷின் வைத்தார்கள். சரி, மிஷினோடவாவது இருக்கட்டும் என்றேன். பிழைத்தாலும் தலைமுடி மொத்தமும் கொட்டிவிடும் என்றார் டாக்டர். கொட்டட்டும் என்றேன். என் வீட்டுக்கு வராமல் அவள் அம்மா வீட்டிலேயே இருக்கட்டும் என்று கூடச் சொல்லிவிட்டேன். மூச்சு மட்டும் இருக்கட்டும். நான் இத்தனை இறங்கி வந்து ஒரு இடத்திலும் பேரம் பேசினதில்லை. 

காலையில் நர்ஸ் வந்து, "அம்மாவக் கூப்புடறாங்க" என்றாள். அவ அம்மா பாலக்காட்டுல இருந்து மத்தியானந்தான் வர்றாங்க என்றேன். "இல்லீங்க, வெளிய நிக்கறாங்களே, அந்த அம்மாவத்தான்" என்றாள்.

பச்சை அங்கியை மாட்டி உள்ளே விட்டார்கள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுதான் போனேன். குழாயும் ஒயரும் போக அவள் கையில் ஒரு விரல்தான் சும்மா இருந்தது. அந்த விரலால் என் கையைத் தொட்டாள். உதடு வெடித்துக் கிடந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"அம்மா அது தின்னில்லல்லோ?" என்றாள்.

நான் அதைத் தின்னவில்லை இல்லையா என்று கேட்கிறாள். மூடி வைத்தாளே, அந்தப் பங்கை. மூன்று நாளாக அங்கே கிடந்துகொண்டு அதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். "இல்ல கண்ணு, கொட்டிட்டேன்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

அதிலிருந்து நான் இந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். டீ கூடக் குடிக்கவில்லை.

அதோ, ஏட்டம்மா வருது. பூபதி பின்னாடியே ஓடி வருகிறான் பாருங்க, எனக்குக் கண் ஜாடை காட்டுகிறான்.

அம்மணி, ஒரு உபகாரம். நான் எழுந்து போன பிறகு ஒரு பொம்பளை வரும், பிரீதாவைப் பெற்றவள். உயரமாக, வெள்ளைச் சேலை, ஓரத்தில் ஜரிகை. அழுதுகொண்டு வந்தாலும் வரும், சண்டைக்கு வந்தாலும் வரும். இந்த இடத்தில் உட்கார வையுங்க, அந்தப் பெஞ்சில் வேண்டாம். என்ன நடந்தது என்று கேட்டால் நான் சொன்னதையெல்லாம் சொல்லுங்க. உங்களுக்கு மலையாளம் தெரியாவிட்டால் என்ன, அதற்குப் புரியும். பிரீதாவை ஆவணியில் கட்டாயம் அனுப்பி வைக்கிறேன் என்றும் சொல்லுங்க. ஆவணி வேண்டாம். எப்போது டாக்டர் விடுகிறாரோ, அப்போதே என்று சொல்லுங்க.

வாங்க ஏட்டம்மா. இங்கயே உக்காந்து எழுதுங்க, எனக்கு மறைவா எதுவும் வேண்டாம். நீ சும்மா இருடா பூபதி. எழுதிட்டீங்கன்னா எனக்கு ஒருக்கா படிச்சுக் காட்டணும், கைநாட்டு வெக்கறதுக்கு முன்னால. பிரீதா சொன்னது அத்தனையும் நெசம்னு மேல, மொத வரியில இருக்கணுங்க. அதுக்குக் கீழ என்னையப் பத்தி நீங்க என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க, நான் பேரம் பேச மாட்டேன்.